அம்மா விமானம் மாற வேண்டிய இடம்

"ஒரு மணி இருவது நிமிசம் தாராளம் அண்ணே" என்று தங்கை சொன்னபோது போனைத் தூக்கித் தேயிலைக்குள் வீசலாம் போல இருந்தது. டொரொண்டோவில் இருந்துகொண்டு சொல்கிறாள். அவளுக்குத் தாராளம்தான். ஆங்கிலம் தெரியும், எஸ்கலேட்டரில் கால் வைக்கத் தெரியும், வழி தவறினால் நாலு பேரிடம் கேட்கத் தெரியும். ஆனால் வளைகுடாவில் இறங்கி அடுத்த விமானத்துக்கு மாறப்போவது அவளல்ல, அம்மா. மலைநாட்டில், நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். அதுவரை அம்மா தனியாகப் போய்வந்த ஆகத் தூரமான இடம் பதுளை ஆஸ்பத்திரி.

தங்கைக்குக் கல்யாணம். படிக்கப் போனவள் அங்கேயே வேலையைத் தேடிக்கொண்டாள், மாப்பிள்ளையையும் தேடிக்கொண்டாள். எங்களுக்கு அதில் குறையொன்றும் இல்லை. அப்பா இல்லாத வீடு என்பதால், அம்மா வந்து நிற்காமல் தாலி ஏறாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நானும் அம்மாவும் ஒன்றாக விசாவுக்கு விண்ணப்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது பதில் வந்தது. அம்மாவுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. போனால் நான் திரும்பி வருவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம். கல்யாணமாகாதவன், நிரந்தர வேலை இல்லாதவன், பதுளையில் டியூஷன் வகுப்பில் கணக்குப் படிப்பிக்கிறவன், காணி உறுதிப் பத்திரம் எதையும் காட்ட முடியாதவன். பிறந்ததிலிருந்து தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து வரிசை வீட்டில் இருக்கிறவன் எந்த உறுதியைக் காட்டுவது? அந்தக் கடிதத்தை நான் இரண்டாவது தடவை வாசிக்கவில்லை. மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, அம்மாவை எப்படித் தனியாக அனுப்புவது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் தங்கை அனுப்பிய டிக்கெட் இரண்டு ஊர்களில் மாறுவது. விலை குறைவு என்று சந்தோஷமாக அனுப்பியிருந்தாள். உற்றுப் பார்த்தால் அது ஒரு டிக்கெட்டே இல்லை, இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள். நடுவில் ஓர் ஐரோப்பிய நகரத்தில் இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்க் கொடுக்க வேண்டும். வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது விமானத்துக்காரன் 'எனக்கென்ன' என்று போய்விடுவான். இதையெல்லாம் விளக்கிச் சொன்னால், "நீங்க எல்லாத்துக்கும் பயப்படுவீங்க" என்கிறாள்.

அடுத்தது, நடுவில் மாற அந்த ஒரு மணி இருபது நிமிடம் மட்டும் உள்ள டிக்கெட். அதை விட்டால் ஒன்பது மணி நேரம் காத்திருப்பது. ஒன்பது மணி நேரம் அம்மா அங்கே என்ன செய்வாள்? கடைசியில் நானே ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒரே டிக்கெட், ஒரே இடத்தில் மாறுவது, நடுவில் நாலு மணி பத்து நிமிடம். பெட்டி நேரே டொரொண்டோவுக்குப் போய்விடும். அதைப் பதிவு செய்யும்போது எங்கள் லயத்தில் சிக்னல் போய்விட்டது. இன்னும் இரண்டு இடம்தான் மீதி என்று சிவப்பில் காட்டிக்கொண்டிருந்த பக்கத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. கோயிலுக்கு மேலே, சிக்னல் பிடிக்கிற பாறைக்கு மழையில் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் ஓர் இடம் போய்விட்டது. மீதி இருந்த ஒன்றைப் பிடித்தேன். எனக்கும் விசா வந்திருந்தால் இரண்டு இடம் வேண்டியிருக்குமே என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்பு எரிச்சலைக் கூட்டியதே தவிர வேறொன்றும் செய்யவில்லை.

டிக்கெட் கையில் வந்ததும் அம்மாவுக்குப் பாடம் தொடங்கியது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், விமானத்தில் இறங்கிய வாசலிலிருந்து அடுத்ததில் ஏறும் வாசல் வரை ஒரு வார்த்தை பேசாமல் நடந்து வீடியோ எடுத்துப் போட்டிருந்தார். அதை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். இறங்கியதும் நேரே, பைகளைச் சோதிக்கும் இடம், மேலே ஏறினால் மருந்துக் கடை, அதற்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய், அப்புறம் கட்டடத்துக்குள்ளேயே ஓடும் சின்ன ரயில். பழைய நோட்டுக் கொப்பிகளின் மட்டைகளை வெட்டி, அந்த அட்டைகளில் எல்லாவற்றையும் படம் போட்டுத் தமிழில் எழுதினேன். அம்மா எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிப்பாள். கீழே, அம்மா வழி கேட்கப்போகிறவர்களுக்காக ஆங்கிலத்திலும் எழுதினேன்.

எத்தனை எழுதினாலும் ஓர் இடத்தில் அம்மா நின்றுவிடுவாள். ஏற வேண்டிய வாசலின் நம்பர் டிக்கெட்டில் ஏன் இல்லை?

"அங்க போனப்புறம்தான்ம்மா போர்டுல போடுவாங்க. போட்டப்புறமும் மாத்துவாங்க."

"காசு வாங்கிட்டு எங்க ஏறணும்னு சொல்ல மாட்டானா? இது என்னாடா நியாயம்?"

மூன்று நாள் இதே சண்டை. நாலாவது நாள், பொறுமை போய், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டை இழுத்தேன். "பெரட்டுல கங்காணி என்னா பண்ணுவாரு? இன்னிக்கு ஆறாம் நம்பர் மலைன்னு சொல்லுவாரு. கூடைய மாட்டிக்கிட்டுப் பாதி தூரம் போனப்புறம் ஒம்பதாம் நம்பருக்குப் போங்கம்பாரு. அது மாதிரிதான்."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இவ்ளோதானா? இத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. போர்டுதான் கங்காணி. அடிக்கடி பாக்கணும். சரி, அடுத்தத சொல்லு." மூன்று நாள் கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அடுத்தது சக்கர நாற்காலி. மொழி தெரியாத பெற்றோரை அனுப்புகிற எல்லோரும் செய்கிற வேலைதான் அது. நடக்க முடியாதவர் என்று பதிந்துவிட்டால், இறங்கும் இடத்தில் ஓர் ஆள் நாற்காலியோடு நிற்பார், அடுத்த விமானத்தின் வாசலில் கொண்டுபோய் விடுவார். அதைப் பதிந்துவிட்டால் என் அட்டைகள்கூடத் தேவையில்லை. இதில் என்ன பிரச்சினை வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"எனக்கென்னா காலு இல்லையா?" என்றாள் அம்மா. "நல்ல காரியத்துக்குப் போறப்ப நோயாளியாட்டமா போயி எறங்குறது? பொண்ணோட ஆத்தா சீக்காளின்னு மாப்பிள வீட்டுல நெனைக்க மாட்டாங்களா?"

"மாப்பிள வீட்டு ஆளுங்க அந்த ஏர்போட்டுல யாரும் இல்லம்மா. இது வழி காட்ட."

"வழி காட்டுறதுன்னா முன்னாடி நடக்கச் சொல்லு. நான் பின்னாடி நடந்து வாறேன்."

"அப்படி ஒண்ணு கெடையாதும்மா! ஒக்காந்தாதான் ஆள் வரும்!" கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக் காம்பிராவில் ரேடியோவின் சத்தம் குறைந்தது. அம்மா சுளகில் இருந்த அரிசியைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒங்கப்பாவ ஆஸ்பத்திரிக்குன்னு நாக்காலியில வச்சித்தானே நாலு பேரு ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. போனவரு வந்தாரா?"

அன்றைக்கு ரோட்டுவரை பின்னால் ஓடியவன் நான். அந்த நாற்காலி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அம்மா அதில் உட்கார்ந்து ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்து இதைக் கவனிக்காததற்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. ஆனாலும் நான் விடவில்லை. அவளை அங்கே தனியாக விடாமலிருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, "சரி, நாக்காலி வரட்டும்" என்றாள். வரட்டும் என்றுதான் சொன்னாள். உட்காருகிறேன் என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

விமானம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. புதன் விடியும்போதே வேனில் கிளம்ப வேண்டும் என்றேன். ஒரு நாள் முந்திப் போய் என்ன செய்வது என்று அம்மாவும், உலகத்தில் யாராவது விமானத்துக்கு இருபத்து நாலு மணி நேரம் முந்திக் கிளம்புவார்களா என்று தங்கையும் சிரித்தார்கள். அவர்களுடைய கணக்கில் பயணம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் தொடங்குகிறது. என் கணக்கில் முதலில் தவறக்கூடிய இடம், மலையிறங்கும் ரோட்டில் உள்ள பெரகல. அதேபோல பெரகலயைத் தாண்டி மண் சரிந்து கிடந்தது. வரிசையாக நின்ற லொறிகளுக்குப் பின்னால் ஐந்து மணி நேரம் நின்றோம். அம்மா கட்டிக்கொண்டு வந்த ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். நான் சொன்னது சரிதான் என்று ஒருவரும் சொல்லவில்லை. தங்கைக்குப் படம் எடுத்து அனுப்பினேன், கட்டைவிரலைக் காட்டுகிற ஒரு பொம்மை பதிலாக வந்தது.

வியாழன் காலை, கட்டுநாயக்கவில் பயணிகளைத் தவிர யாரும் போகக்கூடாத கண்ணாடிக் கதவுவரை போனேன். அம்மா அட்டைகளைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். ஒரு வாரமாக நான் மனப்பாடம் செய்த வழியெல்லாம் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் தொடங்குகிறது. 

விமானம் ஒன்றரை மணி நேரம் பிந்தியது. என்னுடைய நாலு மணி பத்து நிமிடம் இரண்டு மணி நாற்பதாகக் குறைந்தது. பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில், போன் திரையில் அந்தச் சின்ன விமானம் கடலைத் தாண்டி இறங்குவதைப் பார்த்தேன். அங்கிருந்து அம்மாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த விமான நிலையத்து இணையத்தில் நுழைய போனுக்கு ஒரு நம்பர் வருமாம், அதைப் போட்டால்தான் பேச முடியுமாம். அது ஒன்றைத்தான் என் அட்டையில் எழுத மறந்திருந்தேன். இரண்டாவது விமானம் கிளம்பியது தெரிந்தது. அதில் அம்மா இருக்கிறாளா என்பது மட்டும் எங்கும் தெரியவில்லை. தங்கை முதல் தடவையாகச் சிரிக்காமல், "அண்ணே, ஏறியிருப்பாங்கதானே?" என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும்?

வெள்ளிக்கிழமை பத்து மணி வகுப்பில் கரும்பலகையில் பாதிக் கணக்கு எழுதியிருக்கும்போது போன் அடித்தது. திரையில் தங்கை அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருக்க, அம்மா சாவகாசமாகச் சிரித்தாள்.

"நாக்காலி வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஒக்காந்தியா?"

"பைய ஒக்கார வச்சேன். நாக்காலியக் கொண்டாந்த புள்ள முன்னாடி வழி காட்டிக்கிட்டு நடந்துச்சு, நான் பின்னாடி தள்ளிக்கிட்டே போனேன். அதுக்கு ஒரே சிரிப்பு. மொதல்ல ஒரு நம்பர்ல விட்டுச்சு, அப்புறம் போர்டுல மாறிப்போச்சு. நாந்தான் பாத்துச் சொன்னேன்."

என்னத்தைச் சொல்வது! பிள்ளைகள் முன்னால் கத்தவும் முடியாமல் வராந்தாவுக்கு வந்தேன். திட்டுவதற்கு ஒரு நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்தேன். ஆரம்பிப்பதற்குள் அம்மா பேசினாள்.

"நீ எழுதுனதெல்லாம் அங்கனயே இருந்துச்சுடா. மருந்துக் கடை, தண்ணிக் கொழாய், அந்தக் குட்டி ரயிலு, ஒண்ணும் தப்பல. பிளேன்ல பக்கத்துல ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. அட்டைய வாங்கி வாசிச்சிட்டு, 'உங்கட மகன் இந்த வழியால அடிக்கடி வாறவரோ'ன்னு கேட்டாங்க."

"என்னா சொன்ன?"

"ஆமாங்க, வருசத்துக்கு ரெண்டு தடவ வந்து போவான்னுட்டேன்" என்றாள் அம்மா. "இத்தன எழுதுனவன வர விடலைன்னு சொல்ல எனக்கு வாய் வரலடா."