வேண்டாம்னு சொன்ன மோர்

எனக்கு எழுபத்தெட்டு வயசு நடக்குது. பெத்தது அஞ்சு, செத்துப்போன நாத்தனாரோட பிள்ளைங்க ரெண்டு, ஆக ஏழு பேரை வளத்தேன். ஏழும் கல்லைத் தின்னாலும் செரிச்சு வளந்துதுங்க. என் வயிறுதான் சொன்ன பேச்சு கேக்கல.

ரேஷன்ல அரிசி கொறஞ்சு கோதுமை போட்ட வருசங்கள் அவை. கஞ்சியோ களியோ, எப்படிச் செஞ்சு தின்னாலும் எனக்கு வயிறு பானையாட்டம் உப்பும், நாலு தடவை வெளிய ஓடணும். டவுன்ல ஒரு டாக்டர் சிவப்புத் தண்ணி மருந்து குடுத்து, "பாலும் ரொட்டியும் மட்டும் சாப்பிடு"ன்னார். சாப்பிட்டேன். உசிரு போய் வந்துது. அப்புறம் ஒரு வாரம் கடையில கோதுமையே வரல. வெறும் கேழ்வரகுக் கூழ், மோர்கூட விடாம, உப்பு மட்டும் போட்டுக் குடிச்சேன். வயிறு அடங்கிச்சு. கோதுமை, பால், மோர் மூணும்தான் எனக்கு ஆவலன்னு நானே கண்டுபிடிச்சேன்.

கண்டுபிடிச்சு என்ன? "ஊரே துன்னுது, உனுக்கு மட்டும் இன்னா கேடு?"ன்னார் வீட்டுக்காரர். "மகராணிக்கு நெல்லுச் சோறு கேக்குது"ன்னா மாமியார். அதையெல்லாம் பொறுத்துக்கினேன். மோர்தான் பெரிய பேஜாரா போச்சு.

நாங்க நடவுக்குப் போற பண்ணையில, வெயில் ஏறினதும் அந்த வீட்டம்மா குடத்துல மோர் கொண்டாந்து வரப்புல நின்னு ஊத்துவாங்க. குனிஞ்சு ரெண்டு கையையும் சேத்து ஏந்திக் குடிக்கணும். நான் ஏந்தல.

"ஏன்டி? எங்க வூட்டு மோர் புளிக்குதா?"

"இல்லம்மா, எனுக்கு வயித்துக்கு ஆவாது."

"மோர் ஆவாத வயிறு எங்கனா கீதா? வயித்து நோவுக்கே மோர்தான்டி மருந்து!"

மறுநாள் காலையில நடவுக்கு ஆள் சேக்கிறவ என் வாசலைத் தாண்டிப் போனா. ஓடிப் போய்க் கேட்டேன். "அம்மா வூட்டு மோர் புளிப்புன்னு சொல்லிட்டியாமே. உன்ன இட்டாரக் கூடாதுன்னுட்டாங்க"ன்னா. நடவு கொஞ்ச நாளுக்குத்தான். அந்தக் கூலி நெல்லை விட்டா எங்க அடுப்புக்கு வேற வழி இல்ல.

நாலாம் நாள் மோர் ஊத்துற நேரத்துக்கு நானே வரப்புல போய் நின்னேன். எல்லாரும் பாக்கக் கையேந்திக் குடிச்சேன். வீட்டம்மாவுக்கு முகம் மலந்துது, "போய் நடுடி"ன்னாங்க. திரும்பி கழனியில இறங்கி ரெண்டு முடி நாத்து நடல, வயித்தைப் பிசைஞ்சுது. பல்லைக் கடிச்சேன். சுத்தியும் தண்ணி கட்டின கழனி, ஒதுங்க ஒரு புதர் இல்ல. சேத்துல விழுந்து எழுந்து ஓடினேன். பாதி வழியிலேயே புடவை பாழாச்சு. பின்னால அத்தனை பொம்பளைங்களும் சிரிக்கிறாங்க. "அம்மா வூட்டு மோர் நல்லா வேலை செய்யுதுடியோய்!"

கால்வாயில புடவையை அலசி, ஈரத்தோடவே வந்து என் வரிசையை முடிச்சுக் குடுத்தேன். மறுநாள் அம்மா, "நீ தள்ளி நில்லுடி, உன்னுது கெட்ட வயிறு"ன்னு கழனி முழுக்கக் கேக்கறாப்பல சொன்னாங்க. வேலை போகல. ஆனா ஓட்ட வயித்துக்காரின்னு பேரு வந்து ஒட்டிக்கிச்சு.

இன்னிக்கும் எனக்கு ஆத்திரம் தீரல. வசதியானவங்க வேண்டாம்னா அது பத்தியம். நான் வேண்டாம்னா திமிரு. என் வாய் சொன்னதை ஒருத்தரும் நம்பல, புடவையைப் பாத்துத்தான் நம்பினாங்க.

எழுத்துக்கூட்டி எழுதினதுல எங்க தப்போ தெரியல. பேத்தி, இங்க வா, இதைப் படிச்சுக் காட்டு. புடவை பாழான இடம் வந்தா வெக்கப்பட்டு முழுங்காதே. அதையும் சத்தமா படி.