கூடையோடு வந்தவர்கள்

அன்செல்ம் பள்ளிப் பேருந்து ஓட்டிய காலம் முழுவதும் ஒரு குழந்தையின் விரல்கூடக் கதவில் நசுங்கியதில்லை. மழை நாளில் கடைசிக் குழந்தை வீட்டுக்குள் நுழையும்வரை வண்டியை நகர்த்தமாட்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதிகம் பேசவும் மாட்டான். தம்பியைப் பற்றிச் சொல்ல இவ்வளவு போதும் என்று அக்கா சிதோனி நினைத்திருந்தாள். ஊருக்குப் போதவில்லை.

கோரேஸ் காட்டை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் வெள்ளிக்கிழமை மாலை தெருவே காலியாகிவிடும். எல்லாரும் டிவி முன்னால் இருப்பார்கள். எந்தத் தொடரானாலும் கதை ஒன்றுதான்: சின்ன ஊர், காணாமல்போன பெண், யாரோடும் ஒட்டாத ஒருத்தன். செப்டம்பரில் மருந்துக்கடைக்காரரின் மனைவி எஸ்தெல் காணாமல்போனதும், அந்த ஒருத்தன் யாரென்று ஊர் தேட ஆரம்பித்தது. அன்செல்மின் கார் விடியற்காலையில் காட்டோரம் நின்றதைப் பலர் பார்த்திருந்தார்கள்.

போலீஸ் கேட்டபோது, "காட்டுல இருந்தேன்" என்றான். எந்தப் பக்கம் என்றதற்கு வாய் திறக்கவில்லை.

மறுவாரம் பேருந்து பாதி காலியாக ஓடியது. அதைவிட சிதோனிக்குப் பொறுக்காதது, யாரும் அவனுக்கு 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்லாததுதான். அந்த ஊரில் நாய்க்குக்கூட அதைச் சொல்லுவார்கள். மேயர் அவனைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கோப்பா" என்றார்.

"சொல்லித் தொலையேன்டா! காளான் பறிக்கப் போனேன்னு சொன்னா என்ன?" அன்று மாலை வீட்டில் சிதோனி கத்தினாள்.

"சொன்னா எங்கேன்னு கேப்பாங்க. அப்பா நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் காட்டின இடம்க்கா."

"வேலை போகப்போகுதுடா!"

"போகட்டும்."

சிதோனி நேராக ரொட்டிக்கடைக்குப் போனாள். வரிசையில் பேச்சு சட்டென்று நின்றது. கடைக்காரி ஓதெத் மட்டும் வாயை அடக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க மதாம். அமைதியா இருக்கறவங்கதான் கடைசில மாட்டுவாங்க. போன வெள்ளிக்கிழமைகூட..."

"டிவியைப் பாத்து என் தம்பிய எடை போடுறியா? ஞாயித்துக்கிழமை காலைல வாங்க, எல்லாரும். அவன் போற இடத்தை நானே காட்டுறேன். தோண்டிப் பாருங்க!"

ஞாயிற்றுக்கிழமை பாதி ஊர் வந்தது. செஸ்நட் மரங்களுக்கு நடுவே, பாசி படிந்த சரிவில் சிதோனி நின்று திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள். மேயரின் கையில் கூடை. ஓதெத்தின் கையில் இரண்டு. பிணத்தைத் தேட வந்தவர்களுக்குக் கூடை எதற்கு? காளான் முளைக்கும் செப்டம்பரில் இடத்தைச் சொல்ல மறுக்கிறவன் எதை மறைக்கிறான் என்று அந்த ஊரில் பிறந்த யாருக்குத்தான் தெரியாது? எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் பேசியிருக்கிறார்கள்.

அவள் கத்துவதற்குள் எல்லாரும் குனிந்துவிட்டார்கள். பழுப்புக் குடையும் தடித்த வெள்ளைக் காம்புமாய் நின்ற செப் காளான்களை, குட்டிகளைக்கூட விடாமல் அறுத்தார்கள். எஸ்தெலின் பேரை ஒருவர்கூட எடுக்கவில்லை. அவளோ அடுத்த நாளே நாந்த் நகரத்தில் இருக்கும் தங்கை வீட்டிலிருந்து, புருஷனிடம் திரும்பப்போவதில்லை என்று போலீசுக்குப் போன் செய்தாள். ஊரில் சிலருக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மேயர் அதன்பிறகு லீவுப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஓதெத் மட்டும் காளான் ஆம்லெட் கொண்டுவந்தாள். "உங்களுக்குன்னு எடுத்து வச்சேன், மிஸ்யே அன்செல்ம்."

அன்செல்ம் வாங்கிக்கொண்டான். சிதோனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்ம காளானையே நமக்குத் தானம் பண்றா. அதையும் கை நீட்டி வாங்குறியே!"

"விடுக்கா. பசங்க திரும்ப ஏறுறாங்கல்ல." அக்காவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். இடத்தைக் காட்டிக்கொடுத்ததிலிருந்தே அவன் அப்படித்தான்.

அவள் விடவில்லை. மறுநாள் காலை பேருந்தின் படிக்கு எதிரே கை கட்டி நின்றாள். ஓதெத் பேரனை ஏற்றிவிட்டுத் திரும்பப்போனாள். சிதோனி வழியை மறித்தாள்.

"என்ன மதாம்?"

"போன்ஜூர் சொல்லு. எனக்கில்ல, அவனுக்கு. சத்தமா."

ஓதெத் சொன்னாள். பின்னால் நின்ற அம்மாக்கள் மெதுவாக வரிசையில் நகர்ந்தார்கள். சிதோனி அசையவில்லை.