விழுவதற்குச் சம்பளம்

கீப்பரின் வேலை விழுவது. ஆராய்ச்சிக்கூடத்தில் மெத்தை விரித்த ஓர் அறையில், இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாகக் காலையிலிருந்து மாலைவரை விழுவார். தனியாக இருக்கும் முதியவர்கள் தவறி விழுந்தால் உடனே பிள்ளைகளின் போனை அலறவைக்கும் பெல்ட் அது. விழுவது எது, சும்மா உட்காருவது எது என்று அதற்குப் புரியவைக்க ஒரு ஆள் விழுந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது.

இளமையில் அவர் கால்பந்துக் கோல்கீப்பர். ஊரே அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயர் மறந்துபோயிற்று. வேலை பார்த்த சோபாக் கடை மூடியதும் இந்த வேலைக்கு வந்தார். பெல்ட்டை வடிவமைத்த இளம் பொறியாளர், முதல் நாளே அவர் விழும் அழகில் சொக்கிப்போனாள். கீப்பரின் மகளிடம் பள்ளியில், "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார்கள். "விழறார்" என்றாள். டீச்சர் வீட்டுக்குப் போன் செய்து ஆறுதல் சொன்னார்.

வீட்டிலும் பெல்ட்டோடு நடமாடச் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் ஈரத் தரையில் கால் வழுக்கியது. ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்தார், அது திறந்துகொண்டது. அங்கிருந்து மேசைவிரிப்பு, அங்கிருந்து நாற்காலி என்று தவணை முறையில் தரைக்கு வந்து சேர்ந்தார். பெல்ட் மூச்சுவிடவில்லை.

துடைப்பானோடு நின்ற மனைவி, "அடி பட்டுச்சா?" என்றாள்.

"அத விடு. இது ஏன் கத்தல?"

"நீங்க உக்காந்தீங்கன்னு நெனச்சிருக்கும்."

மறுநாள் பொறியாளர் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், நீங்க ரொம்ப அழகா விழறீங்க. அதான் வினை. இப்ப இது கோல்கீப்பர் விழுந்தா மட்டும்தான் கண்டுபிடிக்கும்."

"மோசமா விழணும், அவ்வளவுதானே?"

முயன்றார். கடைசி நொடியில் தோள் தானாகத் திரும்பியது, கை நீண்டது. "சார், மறுபடியும் பந்து புடிக்கிறீங்க" என்றாள். கீப்பருக்கு முகம் தொங்கிவிட்டது.

சொல்லாமல் தள்ளிவிட ஆள் வேண்டும் என்று முடிவாயிற்று. கூடத்து ஆட்களோ, "சார், தள்ளட்டுமா?" என்று அனுமதி கேட்டார்கள். வேறு வழியின்றி மனைவியை வரவழைத்தார்கள். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஹெல்மெட்டும் முட்டிக் கவசமும் மாட்டி நிமிர்ந்தவரை ஒரே தள்ளு. அரிசி மூட்டை மாதிரி விழுந்தார்.

"நான் இன்னும் ரெடியாகல."

"தெரியும்."

பொறியாளர் கைதட்டினாள். "அப்படித்தான், அக்கா."

"இத்தன வருஷக் கோபமா இது?" என்றார் மெத்தையிலிருந்து.

"வேலைங்க."

அவள் தினமும் வந்து தள்ள, சில வாரங்களில் பெல்ட் தேறியது. முதியோர் இல்லத்தில், பல்செட்டைத் தேடிக் கட்டிலிலிருந்து சரிந்த ஒருவருக்காக முதன்முதலாக அலறியது. ஆட்கள் ஓடினார்கள், எலும்பு எதுவும் முறியவில்லை. செய்தியைக் கேட்ட கீப்பர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

அவளுக்குக் கண் கலங்கியது. "அப்ப நாளைக்கு நான் வரணுமா?"

"இனிமே வேணாமாம்."

"ஓ" என்றாள். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.