வந்தவர்களுக்குக் கொடுத்த தண்ணீர்

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் நட்டுவிட்டுப் போனார்கள். நட்டதோடு சரி. அதில் வெறும் காற்றுகூட வந்ததில்லை. வாரம் ஒருமுறை வரும் டேங்கர் லாரித் தண்ணீரை வைத்துத்தான், ஆட்டையாம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிற எங்கள் பிழைப்பு நடந்தது.

போன கோடையில், வறுமை எந்த மட்டுக்கு ஒழிந்திருக்கிறது என்று பார்க்க ஒரு அதிகாரியும் வெளிநாட்டுக்காரர் ஒருவரும் வந்தார்கள். நான் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவதற்குள் என் மாமியார் காரியத்தைக் கெடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது எங்கள் வழக்கம். குடத்தின் அடியில் கிடந்ததைப் பித்தளைச் சொம்பில் வடித்து நீட்டியிருந்தார். அவர்களும் குடித்துவிட்டார்கள்.

"தண்ணியெல்லாம் நல்லா வருதுங்களாம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"அதுக்கென்னங்க, ஒரு கொறையும் இல்லீங்க" என்றார் அத்தை.

வந்தவர்களிடம் பஞ்சப்பாட்டுப் பாடக்கூடாதாம்! அவரைக் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரம் லாரி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. நான் தறியை விட்டு நகர்ந்தால் கூலி போய்விடும். அதனால் வலிக்கிற முட்டியோடு அத்தைதான் தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தார். பாதிக் குடம் வழியிலேயே தளும்பிப் போகும்.

"உங்க மரியாதை நம்ம குடத்தையே கவுத்துருச்சுங்கத்தை!" என்று கத்தினேன். அவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடியும் கிளம்பினார்.

நேராக அந்த அதிகாரியிடமே போனேன். "உங்க தெருவுக்குத்தான் தண்ணி வந்தாச்சே. அதான் லாரிய நிறுத்தியாச்சு. உங்க மாமியாரே சொன்னாங்களே" என்று செல்போனில் படத்தைக் காட்டினார். குழாய் ஓரம் அத்தை சிரித்துக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, பக்கத்துலயே நின்னீங்களே, அந்தக் கொழாயத் திருகிப் பாத்தீங்களா?"

அவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எங்கோ யாரோ உட்கார்ந்து, எங்கள் கஷ்டம் தீர்ந்தது என்று கைதட்டியிருப்பார்கள். தட்டட்டும். குடம் சுமப்பது அவர்கள் இடுப்பா?

நான் அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்ட பிறகு, வந்து பார்ப்பதாகச் சொன்னார். மறுநாள் வரவும் செய்தார்.

அத்தை முட்டியைப் பிடித்தபடி எழுந்து உள்ளே போனார். அதே பித்தளைச் சொம்பை இரண்டு கையாலும் நீட்டினார். இந்த மனுஷி திருந்தவே மாட்டாரா?

அதிகாரி அண்ணாந்து சொம்பைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உங்க கொழாயில புடிச்சதுங்க சாமி," என்றார் அத்தை. "குடிங்க."