யாரும் தூக்காத ஞாயிறு

கலோலைனே அக்கா கையை உயர்த்தினால் பாடகர் குழுவில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுப்போம். எனக்குப் பாட்டைவிட அந்த மூச்சின் சத்தம்தான் பிடிக்கும். கடல் ஒரு கணம் பின்வாங்கியதுபோல இருக்கும். பிறகு அவள் கை இறங்கும், அலை வந்து மோதும்.

பெருங்கடல் நடுவே இருக்கும் வவாவுத் தீவில் எங்கள் ஆலயம் குன்றின் மேல் இருக்கிறது. மழை மூட்டமான காலைகளில் குன்று மறைந்துபோய், கவிழ்த்த தோணி மாதிரியான கூரை மட்டும் ஆகாயத்தில் மிதக்கும். கீழேயிருந்து பார்த்தால், காற்றடித்தால் நகர்ந்துவிடும் என்று தோன்றும். ஏறிப் போக உயரமான கற்படிகள்.

சர்க்கரை நோயில் அக்காவின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். தலைநகர் ஆஸ்பத்திரியிலிருந்து கப்பலில் சக்கர நாற்காலியோடு வந்து இறங்கினாள். அடுத்த ஞாயிறு, நான்கு ஆண்கள் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். அவர்களில் பவுங்கா வாய் ஓயாதவன்.

“கல்யாணத்துக்கு அறுக்குற பன்னிகூட இவ்ளோ கனம் இல்லக்கா!”

“முதல்ல உன் பொண்டாட்டியத் தூக்கிப் பாரு, அப்புறம் வந்து பேசு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். அக்கா கண்களை இறுக மூடியிருந்ததும், நாற்காலியின் கைப்பிடியில் அவள் விரல்கள் வெளுத்திருந்ததும் எனக்குத் தெரிந்தது. மேலே போனதும், ஆலயத்துக்கு வரும்போது உடைமேல் சுற்றிக் கட்டும் இடுப்புப் பாயைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நடக்காததுபோலக் கையை உயர்த்தினாள்.

இப்படியே பல மாதம் போயிற்று. ஒரு ஞாயிறு, இரவெல்லாம் பெய்த மழையில் படிகள் பாசியாக வழுக்கின. முன்னால் பிடித்தவனின் கால் சறுக்கி நாற்காலி சாய்ந்தது. அக்காவுக்கு அடி ஒன்றும் இல்லை. ஆனால் பாவாடை விலகி, வெட்டுப்பட்ட தொடையை ஊரே பார்த்தது. ஆலயத்துக்குள் மூப்பர்கள் அவளைச் சூழ்ந்து தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். இவளுக்கு இன்னும் அதிக விசுவாசத்தைத் தாரும் என்று ஒருவர் உருகினார்.

அக்கா அந்தக் கைகளுக்கு அடியிலிருந்து நிமிர்ந்து கேட்டாள். “எனக்கு விசுவாசம் எங்க கொறஞ்சது? கால்தானே கொறஞ்சது?”

அதற்கடுத்த ஞாயிறு அவள் மேலே வரவில்லை. வெள்ளை உடையும் இடுப்புப் பாயுமாகக் கடற்கரைச் சாலையோரச் சவுக்கு மரத்தடியில் நாற்காலியை நிறுத்திக்கொண்டாள். திமிங்கிலங்கள் வந்து தங்கும் மாதம் அது. வளைகுடாவில் அவை மூச்சுவிடுவது கரைவரை கேட்கும்.

அந்த மரத்தடிக்கு லோசே தன் மகளோடு வந்து சேர்ந்தாள். மகள் மெலெனைத்தேக்கு முப்பது வயது. உடம்புதான் வளர்ந்ததே தவிர மனசு குழந்தையுடையது. சந்தோஷம் வந்தால் எந்த நேரமானாலும் சத்தமாகச் சிரிப்பாள். அதனாலேயே தாயும் மகளும் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தி வருடங்களாகியிருந்தன. முட்டி தேய்ந்த கிழவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அக்கா கையை உயர்த்தினாள்.

மேலே நாங்கள் ஜன்னல்களைத் திறந்து வைத்துப் பாடிக்கொண்டிருந்தோம். அதே பாட்டு கீழேயிருந்து அரை மூச்சு தாமதமாக ஏறி வந்தது. என் வாய் எங்களோடு பாடுவதை விட்டுவிட்டு அதோடு சேர்ந்துகொண்டது. பக்கத்திலிருந்தவளைப் பார்த்தேன், அவளும் அப்படித்தான் பாடிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் நடப்பவர்களைப்போல வாராவாரம் ஒருவர் இருவராக இறங்கிப்போனோம். கனத்த குரல்காரர்கள் பாதிப்பேர் போனபின் மேலே பாட்டுக்கு அடித்தளமே இல்லாமல் போயிற்று.

கடைசியில் போதகர் சியோசைஆ தாமே இறங்கி வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கோட்டும் தொப்பியுமாகப் புல்லில் உட்கார்ந்தார்.

“நாலு பேரு பத்தலன்னா எட்டுப் பேர விடறேன்க்கா. மேல வாங்க.”

“எட்டுப் பேரு தூக்கினாலும் அது தூக்குறதுதானே ஐயா? நீங்க என்னைக் கொண்டு வர்றீங்க. நான் வர்றதில்ல.”

போதகர் தொப்பியைக் கழற்றிப் புல்லில் வைத்தார். மெலெனைத்தே அவர் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

“ஏய், குடுடி அதை!” என்று பதறினாள் லோசே.

“இருக்கட்டும், விடு” என்றார் போதகர். “லோசே, உனக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு? நீ ஏன் மேல வர்றதில்ல?”

லோசே சொல்லலாமா வேண்டாமா என்று அக்காவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “எம்பொண்ணு சிரிச்சா நீங்க பிரசங்கத்த நிறுத்திட்டு அவளையே பாக்குறீங்க ஐயா. நீங்க பாத்தா ஊரே திரும்பிப் பாக்குது.”

“நானா பாக்குறேன்?”

“பாக்குறீங்க” என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம்.

அவர் புல்லை உதறி எழுந்து, தொப்பியைக் கேட்காமலே குன்றேறிப் போனார்.

அந்த வாரச் சபைக் கூட்டத்தில், படியோரமாக ஒரு சாய்வுப் பாதை போடலாம் என்றார். மூப்பர் ஒருவர் எழுந்தார். “நம்ம முன்னோர் அடுக்கின கல்லு. ஒரு பொம்பளைக்காக அதுல கை வைக்கணுமா?”

பவுங்கா கையைத் தூக்கினான். “அக்காவுக்கு வேண்டாம், எனக்குப் போடுங்க. தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு.” சிரிப்பு அடங்கியபோது எதிர்ப்பும் அடங்கியிருந்தது.

கடலிலிருந்து பவளக்கல் சுமந்தோம், மண் கொட்டி இடித்தோம். முதலில் போட்டது செங்குத்தாகப் போய்விட்டது. அக்கா ஏறிப் பார்த்தாள், நாற்காலி பின்னோக்கி உருண்டு பவுங்காவின் வயிற்றில் முட்டி நின்றது. “கலைச்சிட்டு மறுபடி போடுங்கடா” என்றாள். ஈரப்பலா மரத்தைச் சுற்றி வளைத்து, நீளமாக, சோம்பேறித்தனமான ஒரு சாய்வாக மறுபடி போட்டோம். உள்ளே முன்வரிசைப் பெஞ்சை அறுத்து, பாடகர்களுக்கு நடுவிலேயே நாற்காலிக்கு இடம் விட்டோம்.

பாதை முடிந்த ஞாயிறு காலை வெளிச்சம் தேங்காய்ப்பால் மாதிரி இருந்தது. அக்கா தனியாகச் சக்கரங்களைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். தள்ளுவாள், நிற்பாள், கடலைப் பார்ப்பாள். மணியடிப்பவர் கயிற்றை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார். மண்ணடுப்புகளின் புகை கீழே ஊரின்மேல் படுத்துக் கிடந்தது. பாதி வழியில் பவுங்கா மெல்ல நெருங்கினான்.

“கை வெச்ச, தொலச்சிருவேன்.”

அவன் அங்கேயே நின்றுவிட்டான். நாங்கள் எல்லோரும் நின்றோம். அவ்வளவு மெதுவான காலையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கடைசி வளைவு தாண்டி வாசலுக்கு வந்தபோது அவள் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது, முகம் மட்டும் அப்போதுதான் தூங்கி எழுந்தவள்போல இருந்தது.

ஜெபத்தின் நடுவே மெலெனைத்தே வாய்விட்டுச் சிரித்தாள். லோசேயின் தோள்கள் சுருங்கின. போதகரின் மூடிய இமைகள் துடித்தன, ஆனால் திறக்கவில்லை. ஜெபம் நிற்காமல் போயிற்று. யாரும் திரும்பவில்லை.

மறுவருடம் பக்கத்துத் தீவு ஆலயம் எங்களைப் பாட அழைத்தது. படகில் போனோம். அங்கேயும் படிகள். அவர்களுடைய மூப்பர்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அக்காவைத் தூக்க ஓடிவந்தார்கள். அவள் நாற்காலியின் பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

“அவசரமே இல்லப்பா. நான் இங்கயே இருக்கேன். நீங்க மெதுவா யோசிங்க.”

நாங்கள் அவளைச் சுற்றிப் பாய்களை விரித்து உட்கார்ந்தோம். அவள் கை உயர்ந்தது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் அந்த ஊரார் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து, படியிறங்கத் தொடங்கியிருந்தார்கள்.