சுவடு தெரியாத வேலைக்கு ஒரு கட்டுரை

கட்டுரை எழுதுவது ஒரு வேலை. எழுதியதை அச்சேறும் வரை பின்தொடர்ந்து செல்வது வேறொரு வேலை, இரண்டாவதற்குத்தான் உடம்பில் தெம்பு வேண்டும். எழுதி அனுப்பிவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் என் இனத்தவர் இதை மறுக்கமாட்டார்கள். பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எங்கள் காஞ்சிபுரத்து மாத இதழ் ஒன்றுக்கு நான் எழுதிவருகிறேன். இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு கட்டுரை பட்ட பாடு.

முதல் பத்தி

ஷாகிரா ரஃபூ வேலை செய்பவர். பட்டுப்புடவையில் கிழிசல் விழுந்தால், அதே புடவையின் ஓரத்திலிருந்து இழை உருவி, ஓட்டை இருந்த சுவடே தெரியாமல் அடைத்துவிடுவார். கணவர் மறைந்தபின் கணவருடைய அண்ணன் கடைப் பின்னறையில் பெயரில்லாமல் உழைத்தவர், அண்மையில் பின்சந்தில் சொந்தமாகச் சிறு கடை திறந்தார். கல்யாண மாதங்கள் முடிவதற்குள் ஆட்கள் வரவில்லையென்றால் மீண்டும் அந்தப் பின்னறைக்கே போகவேண்டும். ஆகவே அவரைப் பற்றி எழுத முன்வந்தேன்.

எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டினேன். பல்லவர் காலத்தில் தொடங்கி, கோபுரங்களைக் கடந்து, பட்டின் பெருமைக்கு வந்து சேர்ந்திருந்தேன். அதுவரை ஊசியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்த ஷாகிரா பணிவாகச் சொன்னார்: "டீச்சரம்மா, காஞ்சிபுரம் வந்துடுச்சி. என் கடை எப்ப வரும்?"

சாட்சிகள்

வாடிக்கையாளர் சிலரின் சொல் இருந்தால் கட்டுரைக்கு வலு சேரும். ஆனால் புடவை கிழிந்ததை ஒப்புக்கொள்ள இந்த ஊரில் எவருக்கும் மனம் வராது. அதிலும் முகூர்த்தப் புடவையென்றால் பேச்சே இல்லை. ஒருவர், "அது என் புடவையே இல்லை" என்றார். இன்னொருவர் கதவைத் திறந்த வேகத்தில் சாத்தினார்.

கடைசியாக ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குச் சென்றேன். ஷாகிராவே முன்கூட்டிப் பேசி இசைவு பெற்றிருந்த இளம்பெண்ணின் வீடு அது. முகூர்த்தப் புடவை பைக் சக்கரத்தில் சிக்கிக் கிழிந்த கதையை அவள் தொடங்கும்போதே, அவளுடைய மாமியார் காபியுடன் வந்துவிட்டார். பேச்சு வெயிலைப் பற்றியதாக மாறியது. அந்த அம்மாள் உள்ளே போனதும் அவள் என் காதருகே குனிந்தாள்: "அத்தைக்கு இன்னும் தெரியாது டீச்சர். அவங்க அந்தப் பத்திரிகைய விளம்பரம் வரைக்கும் விடாம படிச்சிக்கினு இருப்பாங்க, என்னை விட்டுடுங்க."

புகைப்படம்

சாட்சி இல்லாவிட்டால் போகட்டும், படம் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். ஷாகிரா சரிசெய்து முடித்த அரக்குநிறப் புடவை ஒன்றைப் படமெடுத்து அனுப்பினேன். மறுநாள் இதழாசிரியர் அழைத்தார். "நல்லா இருக்குதும்மா. கிழிசல் எங்க?"

தெரியாமல் இருப்பதுதான் வேலை என்று விளக்கினேன். கிழிந்த நிலையில் எடுத்த படம் கேட்டார். பிறர் வீட்டுக் கிழிசலைப் படமெடுக்கும் வழக்கம் அந்தத் தொழிலில் இல்லை என்றேன். சற்று யோசித்துவிட்டு, புடவை வேண்டாம், ஷாகிராவின் சோகமான முகம் போதும் என்றார்; கணவர் மறைவைப் பற்றி இரண்டு வரி சேர்த்தால் படிப்பவர் மனம் இளகுமாம். அவர் கெட்டவர் அல்லர், பக்கத்தை நிரப்பவேண்டியவர். ஷாகிராவிடம் அப்படியே சொன்னேன். அவர் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்: "இளகினா என் கையப் பிடிச்சிக்கினு அழுவாங்க, டீச்சரம்மா. புடவை கொண்டாரமாட்டாங்க."

உட்புறம்

இதழ் அச்சுக்குப் போகும் நாள் நெருங்கியது. படமின்றிக் கட்டுரை இல்லை என்று ஆசிரியர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அன்று மாலை ஷாகிரா தம் பீரோவிலிருந்து ஒரு பச்சைப் புடவையை எடுத்துவந்தார். அவருடைய நிக்காஹ் புடவை. ஊதுபத்தி சுட்டு ஓட்டையான இடத்தை அவரே அடைத்திருந்தார். மேற்புறத்தில் எவ்வளவு தேடியும் எனக்கு அகப்படவில்லை. அவர் புடவையைத் திருப்பினார். உட்புறத்தில், கட்டைவிரல் நகம் அளவில், குறுக்கும் நெடுக்குமாகச் சிறு நூல்முனைகள் நின்றன. இந்தத் தொழிலில் உட்புறத்தை எவருக்கும் காட்டுவதில்லை. அதனால் தயங்கினேன். "எடுங்க டீச்சரம்மா. இது என் புடவை. யார் வீட்டு மானமும் போவாது."

அச்சில்

இதழ் வந்தது. மேற்புறமும் உட்புறமும் அருகருகே அச்சாகியிருந்தன. கடை இருக்கும் சந்தின் பெயரும் பிழையில்லாமல் இருந்தது. பல்லவர்களைக் காணவில்லை. வெட்டிய இடத்தைக் கண்டுபிடித்துச் சண்டைபோடுவதற்காகவே இரண்டு முறை படித்தேன். ஒட்டுப்போட்ட சுவடே தெரியவில்லை. எனக்கு அது அவ்வளவு உவப்பாக இல்லை.

ஒரு பிரதி கொடுக்கக் கடைக்குப் போனபோது, ஷாகிராவின் முன்னே புடவைகள் மடித்துவைத்த பைகள் சில இருந்தன. நான் உட்கார்ந்த சிறிது நேரத்தில், முந்தானையால் பாதி முகத்தை மூடியபடி ஒருவர் படியேறினார். ஐயம்பேட்டையில் எனக்குக் காபி கொடுத்த அதே அம்மாள். என்னைப் பார்த்துத் திகைத்தார்; நான் உடனே கையிலிருந்த இதழைப் படிப்பவள்போல் விரித்துக்கொண்டேன். பையிலிருந்து மாம்பழநிறப் பட்டு ஒன்று வெளிவந்தது. கொசுவத்தில் நீளக் கிழிசல். மடிப்பைப் பார்த்தால் பல ஆண்டுகள் அலமாரியின் அடியிலேயே கிடந்திருக்க வேண்டும். ஷாகிரா ஒன்றும் கேட்காமல் அதை வாங்கிக்கொண்டார். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்: "சீக்கிரம்கூட வேணாம்மா, நிதானமா செய். என் மருமகளுக்கு மட்டும் தெரிய வேணாம்."

ஆகவே என் அனுபவத்தில், ஒரு கட்டுரை சரியாக அமைந்ததற்கு அடையாளம், படித்தவர்கள் எவரிடமும் அதை ஒப்புக்கொள்ளாமல், அதில் சொன்ன முகவரிக்கு மட்டும் தவறாமல் வந்து நிற்பதே.