கந்தையா அண்ணனின் கொன்றை

போன சனிக்கிழமை காலை, கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் கல்லடியில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தார். கொன்றை மரத்தை வெட்ட. வெட்டச் சொன்னது... நான்தான்!

மரம் நிற்பது பஸ் டிரைவர் கந்தையா அண்ணனின் வளவில். மூத்த மகள் பிறந்த வருஷம் அவர் நட்டது. ஆனால் பங்குனியில் அது மொட்டையாகும்போது இலையெல்லாம் கொட்டுவது எங்கள் கிணற்றில். போன வருஷம், வாத்தியாரான எனக்கே வார்த்தை தடித்துவிட்டது.

"இந்த மொட்டை மரத்தால ஆருக்குப் பிரயோசனம்? வெட்டி எறியுங்க!"

அன்றிலிருந்து அவர் என்னோடு எதுவுமே பேசவில்லை.

என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் அந்த மரம் முழுக்க மஞ்சள் சரம் தொங்கும். "மஞ்சள் பூ மரத்துக்குப் பக்கத்து வீடு" என்றுதான் வருகிறவர்களுக்கு வழி சொல்வேன். என் மனைவி திரேசா மாதா படத்துக்கு வைப்பதும் அந்தப் பூவைத்தான்.

இந்தப் பங்குனியிலும் கிணற்றில் இலை. நான் முணுமுணுத்தது வேலிக்கு அப்பால் கேட்டிருக்கிறது. "சனிக்கிழமை வெட்ட ஆள் வருது" என்று கந்தையா அண்ணன் சொல்லியனுப்பினார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை... எப்படிச் சொல்வது? என் வயிறு வேலைநிறுத்தம் தொடங்கி நாலாவது நாள். கடை மருந்து எதற்கும் அசையவில்லை. திரேசா என்னைக் கேட்காமலே பக்கத்து வீட்டுக்குப் போனாள். சற்று நேரத்தில் கந்தையா அண்ணனே வந்தார் — கையில் ஒரு கிளாஸ். உள்ளே கறுப்பாக ஏதோ.

"கொன்றைக்காய்ச் சதை, மாஸ்டர். சுடுதண்ணியில கரைச்சு வடிச்சது. குடிங்க."

"அந்த மரத்துக் காயா?"

"ஓம், அந்த மொட்டை மரந்தான். சனிக்கிழமைக்குப் பொறகு கிடைக்காதே... உங்களுக்கெண்டு இன்னும் நாலு காய் பறிச்சு வச்சிருக்கன்."

குடித்தேன். கண் கலங்கியது. கசப்பு என்று சமாளிக்கவும் வழியில்லை. அது இனிப்பு!

மறுநாள் காலை வேலைநிறுத்தம் முடிந்தது. விபரம் வேண்டாம்.

சனிக்கிழமை கோடாலிக்காரர் படலையைத் திறந்ததும் ஓடிப்போய் மரத்தின் முன்னால் நின்றேன். "வெட்ட வேணாம். நான் சொன்னது பிழை, அண்ணன்."

கந்தையா அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மறுகா கிணத்துக்க இலை விழுமே?"

"விழட்டும். மேலால வலை கட்டுறன்."

"நில்லுங்க, நானும் வாறன். தனியக் கட்டேலாது."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் சிரித்தார். கோடாலிக்காரரும் சேர, மூவருமாகப் பழைய மீன் வலை ஒன்றைக் கிணற்றுக்கு மேல் கட்டினோம்.

பக்கத்து வீட்டாரோடு கோபித்துக்கொள்ள விரும்புகிறவர்களே... எதற்கும் முதலில் உங்கள் வயிற்றை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்!